மகன் பெஞ்சிலேயே இருக்கிறான், பாடசாலையை மாற்றலாமா?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தகப்பனார் கேட்ட கேள்வி இது. மகனுக்கு 15 வயது, ஆறடியைத் தொட்டுவிட்டான், இரண்டு வருடமாகப் பாடசாலைக் கூடைப்பந்து அணியில் இருக்கிறான். மட்ச் என்று வந்தால் கோச் மூத்தவர்களைத்தான் இறக்குகிறார். "அமெரிக்காவின் ஓக்லஹோமா அணி இளம் பிள்ளைகளை நம்பித்தானே 2025இல் கிண்ணம் வென்றது, எங்கள் பாடசாலைகள் மட்டும் ஏன் இளையவர்களை நம்புவதில்லை? வேறு பாடசாலைக்கு மாற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் கொழும்பில் பாடசாலை அணிகளோடு பல வருடம் மைதானத்தில் நின்றவன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் இறுதித் தொடர் வந்தால் விடிய ஆறு மணிக்குத் தேத்தண்ணியோடு உட்கார்ந்துவிட்டு வேலைக்கு ஓடும் கூட்டத்திலும் ஒருவன். ஓக்லஹோமாவில் இருந்தே தொடங்குகிறேன். அந்தக் கதையை எல்லோரும் பாதிதான் சொல்கிறார்கள்.

ஓக்லஹோமா சிட்டி தண்டர் 2020-21 பருவத்தில் 22 ஆட்டங்களில் வென்று 50இல் தோற்றது. அடுத்த பருவம் 24 வெற்றி, 58 தோல்வி. அந்தப் பருவத்தில்தான், 2021 டிசம்பர் 2ஆம் திகதி, மெம்ஃபிஸிடம் 152-79 என்று அடி வாங்கியது. 73 புள்ளி வித்தியாசம். என்பிஏ வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. கோச் மார்க் டேக்னால்ட்டை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பிறகு 40 வெற்றி, 57 வெற்றி, 68 வெற்றி. 2025 ஜூனில் இந்தியானாவை ஏழாவது ஆட்டத்தில் வென்று கிண்ணம். 1977க்குப் பிறகு கிண்ணம் தூக்கிய அணிகளில் வயதால் மிக இளையது இதுதான்.

இதைக் கேட்டால் "பாருங்கள், இளையவர்களை நம்பினால் வெல்லலாம்" என்றுதான் தோன்றும். எனக்கு இதில் முக்கியமான ஆள் லூ டோர்ட். 2019இல் எந்த அணியும் அவரை ட்ராஃப்டில், அதாவது புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், எடுக்கவில்லை. கீழ்நிலை அணிக்கும் மேல் அணிக்கும் இடையில் போய்வரும் ஒப்பந்தம் ஒன்றில் ஓக்லஹோமாவுக்கு வந்தார். தூரத்து ஷூட் அவருக்குச் சரியாக வராது. முதல் பருவத்தில் மூன்று புள்ளி எறிகளில் 30 சதவீதம்கூட உள்ளே விழவில்லை. அவருக்குக் கிடைத்த வேலை ஒன்றே ஒன்று: எதிரணியின் மிகச் சிறந்த ஸ்கோரரைப் பிடித்து நிறுத்துவது. அதை ஒழுங்காகச் செய்தார், அதனால் களத்தில் நேரம் கிடைத்தது. நேரம் கிடைத்ததால் ஷூட்டும் மெல்ல மெல்லத் திருந்தியது. கிண்ணம் வென்ற பருவத்தில் அதே மனிதரின் மூன்று புள்ளி எறி 41 சதவீதம். ஒரு வேலையை நம்பிக் கொடுத்துவிட்டு, மற்ற வேலை பழகும் வரை பொறுத்திருந்தார்கள்.

செட் ஹோம்கிரென் கதையும் அதே மாதிரி. 2022 ட்ராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர், பாதத்தில் அடிபட்டு முதல் பருவம் முழுக்க ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அவசரப்படுத்தி இறக்கவில்லை.

அதேநேரம் எல்லோரையும் வைத்துக்கொண்டிருக்கவும் இல்லை. ட்ராஃப்டில் ஆறாவது ஆளாக எடுத்த ஜோஷ் கிடி நல்ல திறமைசாலி. 2024இல் டல்லாஸிடம் தோற்ற தொடரில் அவருடைய இடம் சுருங்கியது. அந்தக் கோடையிலேயே அவரைக் கொடுத்துவிட்டு, 30 வயதான அலெக்ஸ் கரூஸோவை வாங்கினார்கள். இந்தக் கரூஸோ யார் தெரியுமா? ட்ராஃப்டில் யாரும் எடுக்காமல், ஓக்லஹோமாவின் கீழ்நிலை அணியில் இதே டேக்னால்ட்டின் கீழ் ஆடிவிட்டுப் போனவர். கூடவே ஹார்ட்டன்ஸ்டைன் என்ற உயரமான, முரட்டு வேலை செய்யத் தயங்காத சென்டரையும் (வளையத்தடியில் ஆடுபவர்) சேர்த்தார்கள். இளம் அணி கிண்ணம் வென்றது உண்மை. பக்கத்தில் நின்று "இங்கே நில், இப்படித் திரும்பு" என்று சொல்ல ஆள் வந்த வருடத்தில்தான் வென்றது என்பதும் உண்மை.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க விரும்பினால் பிலடெல்ஃபியாவைப் பாருங்கள். ட்ராஃப்டில் அதிகம் தோற்ற அணிகளுக்குத்தான் முன்னுரிமை என்பதால், 2013இல் இருந்து வேண்டுமென்றே தோற்று, நல்ல இடம் பிடித்து, இளையவர்களை மட்டும் குவித்தார்கள். 2015-16இல் 10 வெற்றி, 72 தோல்வி. பொறுமை என்றால் அவர்கள் காட்டியதைவிட யாரும் காட்ட முடியாது. ஆனால் அந்த உடை மாற்றும் அறையில் பிள்ளைகளுக்குப் பழக்கவழக்கம் சொல்லித்தர ஒரு மூத்தவர் இல்லை. நிலைமை கைமீறிய பிறகு 2016 ஜனவரியில்தான் எல்டன் பிராண்ட் என்ற அனுபவசாலியைத் தேடிக் கூட்டிவந்தார்கள். ஜோயல் எம்பீட் மாதிரி ஒரு பெரும் வீரர் அங்கிருந்து வந்தார், உண்மைதான். என்றாலும் 2025 வரை அந்த அணி பிளேஆஃப் எனும் நொக்-அவுட் கட்டத்தின் இரண்டாவது சுற்றைத் தாண்டவே இல்லை.

டெட்ராய்ட் இன்னும் தெளிவான உதாரணம். 2023-24இல் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்றார்கள், மொத்தம் 14 வெற்றி. அடுத்த பருவம் 44 வெற்றி. கேட் கனிங்ஹாமும் மற்ற இளையவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். புதிய கோச் வந்தார், டோபியாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர் மாதிரி நாலு ஊர் பார்த்த ஆட்கள் வந்தார்கள். ஒரே வருடத்தில் 30 வெற்றி கூடியது. திறமை ஒரு வருடத்தில் அவ்வளவு கூடாது, பிள்ளைகளைச் சுற்றி இருந்தவர்கள்தான் மாறினார்கள்.

இனி உங்கள் மகனுடைய பெஞ்சுக்கு வருவோம். பெஞ்சில் இருப்பது தண்டனை என்று நினைக்கிறீர்கள். டோனி பார்க்கரைப் பாருங்கள். 2001இல் 28ஆவது ஆளாக சான் அன்டோனியோ அவரை எடுத்தது. 19 வயதிலேயே கோச் கிரெக் பொப்போவிச் முதல் ஐவரில் இறக்கினார். 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், வென்றால் கிண்ணம். பார்க்கருக்கு 21 வயது, அன்றைக்கு ஆட்டம் சரிவரவில்லை. கடைசிப் பகுதியில் பொப்போவிச் அவரை உட்கார வைத்துவிட்டு ஸ்பீடி கிளாக்ஸ்டன் என்ற மாற்று வீரரை ஆடவிட்டார். கிண்ணம் வந்தது, பார்க்கர் பெஞ்சில் இருந்து பார்த்தார். அந்தக் கோடையில் அவருடைய இடத்துக்கே ஜேசன் கிட்டை வாங்கவும் அணி முயன்றது. இதெல்லாம் நடந்த பிறகும் பார்க்கர் அங்கேயே வளர்ந்தார், 2007 இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான்.

அதே அணியில் இன்னொரு சம்பவம். 2013 இறுதித் தொடர், மியாமியில் ஆறாவது ஆட்டம், இன்னும் 19.4 வினாடி. கவாய் லெனர்ட், 21 வயதுப் பையன், இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறிவது, ஒன்றுக்கு ஒரு புள்ளி) எறிய நிற்கிறார். இரண்டும் விழுந்தால் வித்தியாசம் நாலு, ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது. ஒன்று விழுந்தது, மற்றது விழவில்லை. 95-92. சில வினாடிகளில் ரே அலென் மூலையில் பின்வாங்கி எறிந்த மூன்று புள்ளி சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் மியாமி வென்றது, ஏழாவது ஆட்டத்தையும் அதுவே வென்றது. எங்கள் ஊரில் என்றால் அந்தப் பையனின் பெயரைச் சொல்லிச் சொல்லியே பத்து வருடம் ஓட்டியிருப்போம்.

அந்த ஆறாவது ஆட்டத்தன்று வெற்றியைக் கொண்டாட ஒரு உணவகத்தில் இடம் பதிவு செய்து வைத்திருந்தார்கள். தோற்ற பிறகும் பொப்போவிச் அதை ரத்து செய்யவில்லை. எல்லோரும் குடும்பத்தோடு அங்கேதான் வரவேண்டும் என்று சொல்லி, தானே முன்னால் போய் வருகிறவர்களை வரவேற்று உட்கார வைத்தார். அந்த ஃப்ரீ த்ரோவுக்கு சற்று முன் மனு ஜினோபிலியும் தன்னுடைய இரண்டில் ஒன்றைத் தவறவிட்டிருந்தார், அவருக்கு 35 வயது. பிழை ஒரு ஆளின் தலையில் விழவில்லை. அடுத்த வருடம் அதே மியாமியை 4-1 என்று அடித்தார்கள், தொடரின் சிறந்த வீரர் லெனர்ட்.

பொறுமையைப் பற்றிப் பேசும்போது நாங்கள் கோச்சை மட்டும் பார்க்கிறோம். இளையவன் பிழைவிட்ட அடுத்த பத்து வினாடியில் மூத்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். அணிப் பண்பாடு என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் அந்தப் பத்து வினாடிக்குள் அடங்கிவிடும்.

கொழும்பில் ஒரு சாதாரணப் பின்நேரப் பயிற்சியை நினைத்துக்கொள்ளுங்கள். சிமெந்துத் தரை, ஒரு வளையத்தில் வலை அறுந்து தொங்குகிறது, ஒக்டோபர் என்றால் நாலு மணிக்கே வானம் இருட்டும். ஒன்பதாம் ஆண்டுப் பையன் டிபென்ஸில் ஆளைத் தவறவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டான், இலேசான லேஅப் விழுந்துவிட்டது. ஒரு பாடசாலையில் கப்டன் இரண்டு கையையும் விரித்து வானத்தைப் பார்ப்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அடுத்த முறை பந்து அந்தப் பையனிடம் வரும்போது பாருங்கள்: வளையத்தைப் பார்க்கவே மாட்டான், சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல் உடனே பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவான். இன்னொரு பாடசாலையில் கப்டன் ஓடிவரும் வழியிலேயே அவன் தோளைப் பிடித்து, எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்று காலாலேயே காட்டுவான். திரும்ப அவனிடமே பந்தைக் கொடுப்பான். இரண்டு பையன்களுக்கும் திறமை ஒன்றுதான். இரண்டு வருடம் கழித்து ஒருவன் முதல் ஐவரில் இருப்பான், மற்றவன் டியூஷனைச் சாட்டி நின்றிருப்பான்.

கொழும்புக்கே உரிய இன்னொரு விஷயம் பாஷை. ஒரே அணியில் தமிழ், சிங்களம், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள். களத்தில் "ஸ்விட்ச்", "ஹெல்ப்", "பின்னால் வருகிறான்" என்பதெல்லாம் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் பறக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்தோ மலையகத்தில் இருந்தோ புதிதாக வந்த பையன் வாயைத் திறக்கத் தயங்குவான். டிபென்ஸில் கதைக்காதவனைக் கோச்மார் சோம்பேறி என்று எழுதிவிடுவார்கள். நல்ல அணிகளில் முதல் மாதமே ஏழெட்டு வார்த்தைகளை எல்லோருக்கும் பொதுவாக வைத்து, அதை மட்டும் கத்தப் பழக்குவார்கள். சின்ன வேலை. ஆனால் அது செய்யப்படாமல் வீணாகிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கள் பாடசாலைகள் ஏன் இளையவர்களை இறக்குவதில்லை? கோச்சுக்குக் கல்நெஞ்சு என்பதால் இல்லை. அவருக்கு ஓக்லஹோமா கொடுத்த ஐந்து வருடம் கிடையாது. பல இடங்களில் வருடத்துக்கு வருடம் நீட்டிக்கும் ஏற்பாடுதான். இந்த வருடக் கிண்ணம் போனால் பழைய மாணவர்கள் "வேறு ஆளைப் பார்ப்போம்" என்பார்கள். வயதுப் பிரிவும் அப்படித்தான்: ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில், அந்தப் பதினொரு மாதம் 15 வயதில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும்தானே? அதற்கு மேல் சாதாரணதரப் பரீட்சை. பதினோராம் ஆண்டில் பாதிப் பேர் காணாமல் போவார்கள், திரும்பி வருகிறவர்கள் உடம்பு விட்டுப்போய் வருவார்கள், பிறகு உயர்தரம் குறுக்கே வரும். இந்த நாட்காட்டிக்குள் பொறுமைக்கு இடம் ஒதுக்குவது கஷ்டம். ஒதுக்குகிற கோச்மாரும் இருக்கிறார்கள். இரண்டாவது கால்பகுதியின் முதல் நாலு நிமிடம் இளையவர்களுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஸ்கோர் என்னவானாலும் அந்த நாலு நிமிடம் அவர்களுடையது, ஒரு பிழைக்காக வெளியே இழுக்க மாட்டார்கள். பிழை விட்டவுடன் இழுக்கப்படும் பையன் அதற்குப் பிறகு பந்தைப் பார்க்க மாட்டான், கோச்சின் முகத்தைத்தான் பார்ப்பான்.

எங்கள் ஆட்களிடம் பொறுமை இல்லை என்று பொதுவாகச் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியை எடுங்கள். அமெரிக்க இயேசு சபைக் குருமார் அங்கே கூடைப்பந்தை வளர்த்தார்கள். லூசியானாவில் பிறந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் அங்கே பையன்களுக்குக் கோச்சாக இருந்து, கொழும்புப் பாடசாலைகள் பயப்படும் அணிகளை உருவாக்கினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமல் போனார். இன்றுவரை என்னவானார் என்று தெரியாது. அவருக்குப் பிறகும் அந்த ஊரில் பந்து நிற்கவில்லை, ஏனென்றால் அவர் கிண்ணங்களை மட்டும் விட்டுப் போகவில்லை, அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆட்களையும் விட்டுப் போனார்.

வலைப்பந்தில் தர்ஜினி சிவலிங்கம் நினைவுக்கு வருகிறார். புன்னாலைக்கட்டுவனில் இருந்து வந்தவர், ஆறடி பத்து அங்குலம். 2009இலும் 2018இலும் அவரோடு இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றது. உயரம் இருந்தால் போதும் என்று அதைப் பார்த்தவர்கள் நினைத்தார்கள். அந்த உயரத்துக்கு, எதிரணிக் கைகளுக்கு மேலால், சரியான இடத்தில் பந்தை எறிய மற்ற ஆறு பேரும் பழகாவிட்டால் அந்த உயரத்தால் என்ன பயன்?

உயரம் என்றதும் உங்கள் மகன் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆறடிப் பையனைக் கண்டவுடன் வளையத்துக்குக் கீழே நிற்க வைத்து "ரீபவுண்ட் எடு" என்று விட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். 15 வயதில் ஆறடியாக இருப்பவன் 18 வயதிலும் ஆறடி ஒரு அங்குலமாகவே நிற்கலாம். அப்போது அவன் சென்டர் இல்லை, கார்ட், பந்தைக் கொண்டுவருகிற ஆள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத் தெரியாத கார்ட் யாருக்கு வேண்டும்? எதிர்ப்பக்கமும் உண்டு: அந்தோனி டேவிஸ் பள்ளிக்காலத்தில் கார்டாக ஆடிக்கொண்டிருந்து, பிறகு எட்டு அங்குலம் வளர்ந்தவர். அந்த உயரத்தில் பந்தைக் கையாளத் தெரிந்ததுதான் அவரை வேறு ஆளாக்கியது. ஆகவே மகன் எத்தனை நிமிடம் ஆடினான் என்பதைவிட, பயிற்சியில் இடது கையால் எவ்வளவு பந்தடிக்கிறான் என்று பாருங்கள். இன்னொன்று, வேகமாக வளரும் வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலி என்று சொன்னால் "ஆம்பிளைப் பிள்ளை, தாங்கு" என்று விடாதீர்கள். குதிப்பைக் குறைத்து, டொக்டரிடம் காட்டுங்கள்.

பாடசாலையை மாற்றுவதா என்ற கேள்விக்கு நேராக வருகிறேன். நான் என்றால் இப்போது மாற்றமாட்டேன். ஒரு வேலை செய்வேன். மட்ச் நாளில் போகாதீர்கள், சாதாரணப் பயிற்சி நாளில், சொல்லாமல், கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பாருங்கள். பந்தை அல்ல, பெஞ்சைப் பாருங்கள். மாற்று வீரர்கள் களத்தைப் பார்த்துக் கத்துகிறார்களா, போனைப் பார்க்கிறார்களா? தண்ணீர் போத்தலைத் தூக்குவது எப்போதும் சின்னவர்கள் மட்டும்தானா, கப்டனும் தூக்குவானா? மூத்தவர்கள் உங்கள் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, "டேய் உயரம்" என்கிறார்களா?

அதற்குப் பிறகு கோச்சைத் தனியாகச் சந்தியுங்கள். "ஏன் இறக்குவதில்லை" என்று கேட்காதீர்கள், அவர் மட்ச் கணக்கைச் சொல்லத் தொடங்கிவிடுவார். "சேர், அடுத்த மூன்று மாதத்தில் இவன் எதைப் பழக வேண்டும்?" என்று கேளுங்கள். "இடது கை வீக், டிபென்ஸில் கால் குறுக்கே போகிறது, அதைச் சரிசெய்தால் இரண்டாவது கால்பகுதியில் நேரம் தருவேன்" என்ற மாதிரி ஏதாவது குறிப்பாகச் சொன்னால், மகன் பெஞ்சில் இருந்தாலும் நல்ல கையில் இருக்கிறான். சாதாரணதரம் முடியும் வரை அங்கேயே விடுங்கள். "இன்னும் கொஞ்சம் வளரட்டும், பார்ப்போம்" என்று மட்டும் சொன்னால், மூன்று மாதம் கழித்து அதே கேள்வியோடு திரும்பப் போங்கள். அப்போதும் அதே பதில் வந்தால் வேறு பாடசாலையை விசாரிக்கத் தொடங்கலாம். அங்கே போகும்போதும் முதலில் பயிற்சி நாளில் பெஞ்சைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.